கேட்டுவிட்டுத் தொடுகிறவள்

திறந்து கிடந்த கதவின் முன்னால் நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று கேட்டவள் அவள். நான் அவளுக்கு முன்பே உள்ளே போய், மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த நல்ல கதிரையாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வாசிகசாலையின் மேல்மாடியில் அந்த ஆவண அறை இருந்தது. பல்கலைக்கழகத்தின் இறுதி ஆண்டில் எங்கள் இருவரையும் பயிற்சிக்காக அங்கே அனுப்பியிருந்தார்கள். பழைய தாள்களைச் சுத்தம் செய்து, கிழிசல்களைச் சீராக்கிப் பேண வேண்டும்; பயிற்சி முடிகிற வேளையில் அவற்றைக் கொண்டு ஊர்மக்களுக்காக ஒரு கண்காட்சி அமைக்க வேண்டும். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மிஸ், வாசலில் நின்றவளை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உள்ள வரலாங்களா மிஸ்?"

"கதவு திறந்துதானே இருக்கு?"

"ஆமாங்க மிஸ். அது காத்துக்காகத் திறந்ததாக்கூட இருக்கலாமில்ல?"

மிஸ் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "வாங்க" என்றார். செருப்பை எங்கே விடலாம், பையை எங்கே வைக்கலாம், எந்தக் கதிரையில் உட்காரலாம் என்று தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாகப் பதில் பெற்று அவள் உட்காருவதற்குள் எனக்கு வியர்வை உலர்ந்துவிட்டது.

பயந்த சுபாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பிழை. பயந்தவர்கள் கேட்பதில்லை, ஒதுங்கி நிற்பார்கள். இவளோ எவர் முன்னாலும் நிமிர்ந்து நின்று, முகத்தைப் பார்த்து, குரல் தாழாமல் கேட்பாள். பதிலுக்காகக் காத்திருப்பாள். வேண்டாம் என்று சொன்னால் "சரிங்க" என்று போய்விடுவாள். நம்மில் பெரும்பாலோர் அனுமதி கேட்கும்போதே கை பாதி தூரம் நீண்டுவிடுகிறது. அவள் கேட்கும்போது கைகள் பின்னால் கட்டியிருக்கும். மறுக்கப்படுவதற்கு முழுமையாக ஆயத்தமாகி வந்து கேட்கிற ஒரு மனிதப் பிறவியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்தக் குணத்தின் முழு அளவையும் போட்டோகொப்பிக் கடைக்காரர்தான் எனக்குக் காட்டித் தந்தார். மேசையில் டப்பா நிறையப் பேனாக்கள் கிடக்க, "ஒரு பேனா எடுத்து எழுதலாங்களா?" என்று அவள் கேட்டாள். அவருக்கு விளையாட்டு. "ஏலாது" என்றார் முகத்தை இறுக்கிக்கொண்டு. "சரிங்க" என்று அவள் இறங்கி நடந்துவிட்டாள். அவர் பதறிப்போனார். பேனாவைத் தூக்கிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முச்சக்கர வண்டிகளுக்கு நடுவே "தங்கச்சி, தங்கச்சி, சும்மா சொன்னேன் தங்கச்சி" என்று கத்தியபடி ஓடிவந்தார். அவள் நின்று, திரும்பி, "அப்ப எடுத்துக்கலாங்களா?" என்றாள். அதன் பிறகு அந்தக் கடையில் எங்களோடு யாரும் விளையாடவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். ஜன்னலைத் திறக்கக் கேட்பாள், மூடக் கேட்பாள். என் சவர்க்காரத்தை எடுத்துக்கொள் என்று முதல்நாளே சொல்லியிருந்தும் ஒவ்வொரு காலையும் கேட்பாள். "அதான் சொல்லிட்டேனே" என்றால், "அது நேத்து" என்பாள். ஒருநாள் பொறுமை கெட்டு, "ஒரு நாளாவது கேக்காமச் செய்யேன்டி" என்று கத்திவிட்டேன். அவள் நெடுநேரம் யோசித்து, மிகுந்த அக்கறையோடு, "சரி. எந்த நாள்லேர்ந்து கேக்காம இருக்கலாம்?" என்றாள். நான் தலையணையால் அடித்தேன். அதை மட்டும் என்னைக் கேட்காமலே திருப்பி எறிந்தாள் என்பதை இங்கே நேர்மையாகக் குறித்துவைக்க வேண்டும்.

முத்துமாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா அன்று அவளோடு புறப்பட்டது என் அறியாமை. சனத்திரளுக்குள் எல்லோரும் தோளால் இடித்துக்கொண்டு முன்னேற, இவள் ஒவ்வொருவரிடமும் "கொஞ்சம் போகலாங்களா?" என்று கேட்டுக்கேட்டு நகர்ந்தாள். கேட்கப்பட்டவர்கள் வியந்துபோய், எங்கிருந்து வருகிறாய், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். ஐந்து தேர்களும் போய் முடிந்தபோது நாங்கள் ஒரு புடைவைக் கடையின் வாசலைத் தாண்டியிருக்கவில்லை. ஆனால் எங்கள் கைகளில் நான்கு வீட்டுப் பலகாரம் இருந்தது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன். அவள் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வரிசைவீடுகளில், வளர்ந்தவள். "எங்க லயத்துல பகல்ல கதவு சாத்துறதில்ல, துணிதான் தொங்கும். துணியத் தட்ட முடியுமா? கொரல் குடுத்துக் கேக்கணும். உள்ள யாரு உடுப்பு மாத்துறாங்களோ, யாரு அழுதுக்கிட்டு இருக்காங்களோ, நமக்கு எப்புடித் தெரியும்?" என்றாள். சாரதிக்குப் பின்னால் இருந்த பெண்மணியிடம், ஜன்னலோரம் மாறி உட்காரலாமா என்று கேட்கப் போய்விட்டாள்.

வேலையில் அந்தக் குணம் எங்களுக்கு நன்றாகவே உதவியது. பழைய தாளைப் புரட்டும் முன் அவள் அதனிடமும் பேசினாள். தாளைத் தூக்கும் மெல்லிய தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் திரும்புறீங்களா?" என்பாள். மிஸ் முதலில் சிரித்தார். பிறகு கவனித்தார்: அந்த ஒரு கேள்விக்கு ஆகிற நேரம் கை சும்மா இருக்கிறது, கண் தாளின் ஓரத்தைப் பார்க்கிறது, எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே நார் தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. என் மேசையில் கிழிந்த அளவுக்கு அவள் மேசையில் கிழியவில்லை. கோதுமை மாப்பசையைக் காய்ச்சி, வடித்து, மெல்லிய ஜப்பான் தாளால் கிழிசலை ஒட்டுவது எங்கள் அன்றாட வேலை. அந்தப் பசையை எப்போது வேண்டுமானாலும் ஈரம் காட்டிக் கழற்றிவிடலாம், நாம் செய்கிற எதையும் பின்னால் வருகிறவர் விரும்பினால் அழிக்க முடிய வேண்டும், அதுதான் இத்தொழிலின் முதல் விதி என்று மிஸ் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. "அப்ப, பேப்பருக்குப் புடிக்கலன்னா வேணாம்னு சொல்லிக்கலாம்" என்றாள். அந்த விதியை நான் பரீட்சைக்காக மனனம் செய்தேன். அவள் அதைத் தன் உறவினரைப் போல வரவேற்றாள்.

கண்காட்சிக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் கல்யாண அழைப்பிதழ்கள். மாத்தளையிலும் சுற்றுப்புறத்திலும் எவ்வளவோ காலமாக நடந்த கல்யாணங்களின் அழைப்பிதழ்களைக் கொண்டுவந்து தாருங்கள் என்று அறிவித்ததும், சனங்கள் பிஸ்கட் டின்களிலும் சோப்புப் பெட்டிகளிலும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பலாபத்வலயிலிருந்து ஒரு குடும்பம் நான்கு தலைமுறை அழைப்பிதழ்களையும், கூடவே அந்தக் கல்யாணங்களில் யார் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்ற விவரத்தையும் கொண்டுவந்தது. முஸ்லிம் வீட்டு அழைப்பிதழ் ஒன்றில் இன்னமும் அத்தர் மணந்தது. சில சிங்கள வீட்டு அழைப்பிதழ்களில் வெற்றிலைக் கொத்து அச்சாகியிருந்தது. இந்துக்களின் அழைப்பிதழ்களில் நான்கு மூலைகளிலும் மஞ்சள். கொடுக்கும் முன் வீட்டுப் பெரியவர் விரலால் தொட்டு வைத்தது.

அந்த மஞ்சள் பற்றி ஒரு விவாதமே நடந்தது. வாசிகசாலைத் தலைவர் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து மாத்தளையிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். ஒழுங்கில் பெருவிருப்பம் உள்ளவர். "கறையெல்லாத்தையும் எடுத்துப்போடுங்கோ. பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றார். அது கறையல்ல, அழைப்பிதழின் ஒரு பாகம் என்று மிஸ் மறுத்தார். தலைவர் அரைமனதோடு விட்டுக்கொடுத்தார். ஆனால் நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்காவது அப்பழுக்கில்லாத ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

அப்படி ஒன்று இருந்தது. கெட்டி அட்டையில் சிவப்புப் பின்னணி. இரு பக்கமும் தங்க மையில் தோகை விரித்த மயில்கள். ஓரத்தில் பட்டுக் குஞ்சம். ஊரின் பழைய அச்சகக்காரரான ஹாஜியார் தம் மகன் கையில் கொடுத்தனுப்பிய பெட்டிக்குள் கிடந்தது. ஒரு மடிப்பில்லை, ஒரு விரலடையாளமில்லை. ஒவ்வொரு பொருளின் நிலையையும் மதிப்பிட்டு எழுதும்போது, 'மிக நன்று' என்று எங்கள் அனைவரின் கையெழுத்தோடும் தேறியது அது ஒன்றுதான். மணமக்களின் பெயர், பெற்றோரின் பெயர், ரத்தோட்டை முகவரி எல்லாம் நேற்று அச்சடித்தது போல மினுங்கின. தலைவர் அதைக் கண்டதும் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இதுதான் நடுவில. பதாகையிலயும் இதுதான்" என்றார்.

பதாகை அச்சடிக்கும் வேலையை அதே ஹாஜியாரிடம் ஒப்படைக்க நாங்கள் இருவரும் போனோம். வேலையை ஒப்படைத்துவிட்டு வருவது என் எண்ணம். அவளோ வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஹாஜியார், உங்க அழைப்பிதழ நடுவுல வைக்கப் போறோம். வைக்கலாங்களா?"

"நல்லா வைங்க மகள். அந்தத் தங்க மை வேலை இப்ப ஆருக்கும் வராது."

"கல்யாண வீட்டு ஆளுங்களயும் கேக்கணும். அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுங்களா?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அது நடக்காத கல்யாணமாச்சே மகள். அடிச்சி முடிச்சி மை காயல்ல, நிண்டு போச்சிண்டு ஆள் வந்திச்சி. பண்டல் எடுக்க ஒருத்தரும் வரல்ல. எனக்கு வீச மனசு வரல்ல, ஒண்ட மட்டும் வெச்சிக்கிட்டேன்."

"இத ஏன் ஹாஜியார் யாருக்கும் சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"ஆரும் கேக்கல்லயே" என்றார் அவர், மிக நியாயமாக.

ஆவண அறைக்குத் திரும்பி அந்த அழைப்பிதழை மறுபடி பார்த்தோம். மேசை முழுவதும் மஞ்சள் மூலைகள். இந்து வீட்டு அழைப்பிதழ்களில் அது ஒன்றில் மட்டும் மஞ்சள் இல்லை. எவர் கைக்கும் போகாததால் எவர் கையும் அதில் படவில்லை. தாளைப் பேணத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையை நாங்கள் ஒருமனதாகச் செய்திருந்தோம்: வாழாமல் போன ஒன்றை, கசங்காமல் இருக்கிறது என்பதற்காக முதலிடத்தில் வைக்க இருந்தோம்.

தலைவர் கலங்கவில்லை. "எந்தக் காலத்துக் கதை. ஆர் இப்ப ஞாபகம் வைச்சிருக்கப் போயினம்?" என்றார்.

"அவங்க வச்சிருப்பாங்கங்க ஐயா" என்றாள் அவள். "மாத்தளைக்குச் சாமான் வாங்க வருவாங்க. சனம் கூட்டமா நிக்குதேன்னு மேல ஏறி வந்து பாத்தா, நடுவுல அவங்க பேரு இருக்கும். ஊரே படிச்சிக்கிட்டு நிக்கும்."

"பிள்ளை, இது ஆவணம். ஆவணத்துக்கு வெக்கம் கிடையாது."

"ஆவணத்துக்கு இல்லீங்க ஐயா."

தலைவர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் என்னைப் பார்த்தார். நான் பசைக் கிண்ணத்தைப் பார்த்தேன். கடைசியில் மிஸ்தான், "போய்க் கேட்டு வரட்டும் ஐயா. திறப்பு விழாவுக்கு இன்னும் நாளிருக்கு" என்றார். "வீடு வீடாப் போய்க் கேட்டுக்கொண்டு நிண்டால் கண்காட்சி நடத்தேலாது" என்று முணுமுணுத்தபடி தலைவர் படியிறங்கினார்.

ரத்தோட்டை முகவரியில் மணமகளின் தம்பி குடும்பம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் இப்போது கேட்பதற்கு எவரும் இல்லை; அக்காள் மேலே, ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற பாதையில் தையல் கடை வைத்திருக்கிறாள் என்றார்கள். இன்னொரு பஸ் ஏறினோம். மூடுபனி பாதையின் குறுக்கே கிடந்தது. கடையை நாங்கள் காண்பதற்கு முன் தையல் மெஷினின் சத்தம் கேட்டது.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, கழுத்தில் அளவு நாடா, நூலில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. சுற்றிலும் தையல் பழகுகிற பெண்கள்.

"உள்ள வரலாங்களா?"

"கடைக்குள்ள வாறதுக்கு யாராச்சும் கேப்பாங்களா? வா புள்ள. ப்ளவுஸா?"

"இல்லீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கலாங்களா?"

"கேக்குறதுக்கே கேக்குறியா!" பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு அவர்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "தனியாக் கேக்கணும். மனசுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்னு சொல்லுங்க. இப்படியே பஸ் ஏறிடுறோம்" என்றாள்.

அந்தம்மா மெஷினை நிறுத்தினார். எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். அழைப்பிதழ் பற்றி அவள் சுருக்கமாகச் சொன்னாள். போனில் படம் இருக்கிறது, காட்டலாமா என்று கேட்டாள்.

"வேணாம். இரு." அந்தம்மா ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார். முகத்தில் துயரம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது சிரிப்பு. "அந்தக் கார்ட நான் பாத்ததே இல்ல புள்ள. நாள் குறிச்சது அவங்க. மண்டபம் புடிச்சது அவங்க. கார்டுல மயிலா யானையான்னு ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் சண்டை புடிச்சாங்களாம். பக்கத்து வீட்டக்கா வந்து 'உன் கார்டு அடிக்கிறாங்களாமே'ன்னப்பதான் எனக்குத் தேதியே தெரியும். அன்னைக்கு அந்தியில அப்பாகிட்ட 'நான் வரல'ன்னேன். 'எங்க வரலம்மா?'ன்னாரு. 'என் கல்யாணத்துக்கு'ன்னேன்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை வேணாம்னுட்டான்னு ஊரு பேசிச்சு. அப்பாவுக்கு அதுதான் லேசா இருந்துச்சு. அவரு முகத்துக்காக நானும் வாயத் தொறக்கல." அந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கார்டு விசயத்துல என்னய ஒரு வார்த்தை கேட்ட மொத ஆளு நீதான் புள்ள."

"வைக்கலாங்களா அப்ப?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"எப்பங்க சொல்லுவீங்க?" என்று நான் குறுக்கிட்டேன். திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது.

"யோசிச்சு முடிஞ்சதும்."

"சரிங்க" என்றாள் அவள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. திரும்பிப் பார்த்தேன். அந்தம்மா வாங்கில் அப்படியே சாய்ந்து, ஊஞ்சலில் இருப்பவரைப் போலக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். நினைத்தபோது முடிவு சொல்லலாம் என்கிற சுகத்தை அவர் உடனே கைவிடப் போவதில்லை என்பது எனக்கு விளங்கியது.

பஸ்ஸில், "வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?" என்றேன்.

"எடுத்துடுவோம்."

"நடுவுல என்ன வைக்கிறது?"

"வேற எதையாச்சும்."

"தலைவர் ஐயா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "திட்டுவாரு" என்றாள், மழை வரும் என்று சொல்வது போல.

அவர் திட்டினார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆனால் அந்த நாட்களில் ஒரு விந்தையான தொற்று எங்களைச் சுற்றிப் பரவியிருந்தது. பதாகை எங்கே என்று தலைவர் ஆள் அனுப்பியபோது, ஹாஜியார், "அந்தப் புள்ள கேட்டு முடியட்டும், பொறகு அடிக்கேன்" என்று சொல்லிவிட்டார். மிஸ் நடுப்பெட்டியில் அழைப்பிதழை வைத்து, அதன் மேல் கருநீலத் துணி ஒன்றைப் போர்த்தினார். சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் மங்கும். காட்சிக்கூடங்களில் அப்படிப் போர்த்துவது வழக்கம்தான் என்று தலைவருக்கு விளக்கினார். பதில் வரும்வரை அதை எவரும் தூக்க வேண்டாம் என்று எங்களுக்குத் தனியாகச் சொன்னார். திறப்பு விழாவுக்கு மீதியிருந்த இரண்டு நாட்களும் அந்த வழியாகப் போகிறபோதெல்லாம், தூங்குகிறவரின் கட்டிலருகே நடப்பது போல நாங்கள் அடி மெதுவாக வைத்தோம்.

திறப்பு விழாக் காலை வந்தது, பதில் வரவில்லை. கீழே குத்துவிளக்கு ஏற்றி, தலைவர் தம் உரையின் முதல் தாளைக் கையிலெடுத்த சமயம், ரத்தோட்டை பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டமே இறங்கி வந்தது. முன்னால், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையில் அந்தம்மா. பின்னால் தையல் பழகும் பெண்கள் அத்தனை பேரும்.

"எங்க இருக்கு?" என்றார்.

அவள் வழிகாட்டினாள். தலைவர் உரையை மடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அந்தம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, துணியைத் தாமே தூக்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். அவள் சுவரோரமாக நின்றாள். கைகள் பின்னால் கட்டியிருந்தன; ஆனால் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். முகத்தில் மறுப்புக்கு ஆயத்தமான அதே அமைதி. அது எவ்வளவு கடினமாகச் சம்பாதிக்கப்பட்ட அமைதி என்பதை நான் அறிந்துகொண்டது அந்த நிமிடத்தில்தான்.

"ரெண்டு மயிலும் ஒண்ணையொண்ணு பாக்கவே இல்லயே" என்றார் அந்தம்மா. யாரோ சிரித்தார்கள். "ஆனா அழகாத்தான் அடிச்சிருக்காங்க." துணியை மெதுவாக இறக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வைக்கலாம். ஆனா இப்படி மூடியே வைங்க. பாக்கணும்னு நெனைக்கிறவங்க என்னய வந்து கேக்கட்டும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அப்ப நீங்கள் இஞ்சயே இருக்கப் போறியளோ?"

"ஒரு கதிரை குடுத்தா இருப்பேன்."

மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த கதிரையை நானே தூக்கிக்கொண்டு வந்து போட்டேன்.

அன்றைய கண்காட்சியில் மற்ற எல்லா அழைப்பிதழ்களும் திறந்தே இருந்தன. சனங்கள் வரிசையில் நின்றது அந்த மூடிய ஒன்றுக்காக. "பாக்கலாமா லாத்தா?" என்றார் ஒரு முஸ்லிம் பெண்மணி. "பலன்ன புளுவன்த அக்கே?" என்று அதையே சிங்களத்தில் கேட்டது ஒரு புதுமணத் தம்பதி. அந்தம்மா சிலருக்குத் துணியைத் தூக்கினார். சிலருக்குத் தூக்கி, கதையையும் சொன்னார். போனை நீட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்த ஒரு மனிதரிடம், "நீங்க கொஞ்சம் பொறுத்து வாங்க" என்றார். அவர் பொறுத்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தார். ஹாஜியார் வந்து கேட்டபோது மட்டும், "நீங்கதானே அடிச்சீங்க? அந்த மயில் ரெண்டையும் பத்தி ஒரு நியாயம் சொல்லிட்டுப் பாருங்க" என்று நிறுத்திவைத்தார். "அது ரெண்டு வீட்டு ஆம்பளைகளும் சொன்ன மாதிரி அடிச்சது உம்மா, என்னக் குத்தம் சொல்லாதீங்க" என்று ஹாஜியார் இரு கைகளையும் உயர்த்தினார்.

பின்னேரம் கூட்டம் குறைந்த சமயம் தலைவர் வரிசையின் முடிவில் வந்து நின்றார். வரிசை நகர நகர அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். முறை வந்ததும், "பார்க்கலாமோ அம்மா?" என்றார், பள்ளிப் பையனின் குரலில்.

அந்தம்மா அவரை நன்றாகப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன். முதல்ல தேத்தண்ணி ஒண்ணு கெடைக்குமாய்யா?" என்றார். தலைவர் உரக்கச் சிரித்துவிட்டுத் தாமே போய்க் கொண்டுவந்தார். அவர் அவ்வளவு வாய்விட்டுச் சிரித்ததை அந்த வாசிகசாலை அதற்கு முன் கேட்டதில்லை என்று மிஸ் பிற்பாடு சொன்னார்.

பயிற்சி முடிந்து நாங்கள் பிரிந்தோம். எனக்கு நூலகத்தில் வேலை. அவளுக்குக் கடல் கடந்து எங்கோ. சில காலம் செய்திகள் வந்தன. ஒவ்வொன்றும் 'இப்போது பேசலாமா?' என்றே தொடங்கின. நான் பதில் அனுப்பப் பிந்தினால் அவள் காத்திருந்தாள். பிந்திப் பிந்தி ஒரு கட்டத்தில் பேச்சு அற்றுப்போயிற்று. அவளை நினைக்கும்போது எனக்குள் எழும் முகம் அந்தப் பின்னேரத்து முகம்தான்.

அன்று எல்லோரும் போன பிறகு அவள் வரிசையே இல்லாத இடத்தில் வரிசையில் நிற்பவளைப் போல வந்து நின்றாள். அந்த அழைப்பிதழைப் பல நாள் தூரிகையால் துடைத்தவள் அவள். அதன் ஒவ்வோர் எழுத்தும் அவளுக்குப் பாடம். இருந்தும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

அந்தம்மா அவளைக் கேட்க விடவில்லை.

"நீ மொதல்லயே தேடி வந்து கேட்டவ" என்று சொல்லி, துணியின் ஒரு முனையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.